தொலைபேசியில் கேள்வி கேட்கிறார்கள்: நாம் சொல்லும் பதில் சரியாய்ப் பதிவாகிறதா?



முன்பெல்லாம் கணக்கெடுப்பு என்றால் கையில் பைலும் பேனையுமாக ஒருவர் லயத்து வாசலுக்கு வருவார். "வீட்டில எத்தனை பேர்? எத்தனை பேருக்கு வேலை?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். இன்று அதே கேள்விகள் கைத்தொலைபேசியிலும் வருகின்றன. போனை எடுத்தால் முன்பின் தெரியாத ஒருவர், "அம்மா, ஒரு ஆய்வுக்காகக் கூப்பிடுறோம், பத்து நிமிஷம் பேசலாமா?" என்கிறார். வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வருகிறது. அதைத் தொட்டால் வரிசையாகக் கேள்விகள்.

சிலர் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறார்கள். சிலர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். சிலர் நிவாரணம் வரும் என்று நம்பிச் சொல்கிறார்கள். இந்த ஆய்வுகள் எதற்கு? பதில்கள் சரியானவைதானா என்று அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? நாம் என்ன கவனிக்க வேண்டும்? இவற்றை இம்முறை விளக்கமாகப் பார்ப்போம்.

இலக்கத்துக்கு உள்ள பலம்

இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டில் நடந்தது. அதன் பின் தோட்டத்து மக்களும் பலமுறை எண்ணப்பட்டிருக்கிறார்கள். இன்று தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் கணக்குக் காட்டுகிறது. 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலமும், அங்கேயே குடியிருக்கும் பத்துத் தொழிலாளர்களாவது உள்ள இடமும்தான் "தோட்டம்" என்ற கணக்கில் சேரும். அதைவிடச் சிறிய தோட்டத்தில் வாழும் நம்மவர்கள் தோட்டக் கணக்கில் வரமாட்டார்கள்.

2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வு என்ன சொன்னது? நாடு முழுவதும் நூற்றுக்கு 14.3 பேர் வறுமையில் இருந்தார்கள். நகரத்தில் 6.0, கிராமத்தில் 15.0, தோட்டத்திலோ 33.8. மூன்று பேரில் ஒருவர்! நம் கஷ்டத்தை நாம் எத்தனை கூட்டத்தில் பேசினாலும், அரசாங்கத்தின் முன்னாலும் உதவி நிறுவனங்களின் முன்னாலும் எடுத்து வைக்கக் கூடியது இப்படிப்பட்ட இலக்கம்தான். இலக்கம் பிழைத்தால் வரவேண்டிய உதவி வேறு பக்கம் போகும். அதுவே இந்த விஷயத்தில் நமக்குள்ள அக்கறை.

வீடு வீடாகப் போக முடியாத காலமும் வந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது உலகெங்கும் பல ஆய்வுகள் தொலைபேசிக்கு மாறின. 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது உலக உணவுத் திட்டம் இலங்கைக் குடும்பங்களின் சாப்பாட்டு நிலைமையைத் தொலைபேசி வழியாகக் கேட்டறிந்தது. நகரம், கிராமத்தைவிடத் தோட்டங்களில் நிலைமை மோசம் என்பது அதில் தெரியவந்தது. போனில் சொன்ன பதில் அந்த அளவுக்குப் போய்ச் சேருகிறது.

ஒரு பானைச் சோறு

"நாட்டில் இத்தனை லட்சம் பேர் இருக்க, ஆயிரம் பேரைக் கேட்டால் போதுமா?" என்று கேட்கலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம் அல்லவா? மடுவத்தில் சாக்கிலிருந்து ஒரு பிடி கொழுந்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தே நல்ல கொழுந்து எவ்வளவு, முற்றல் எவ்வளவு என்று கணிக்கிறார்கள். அது போலத்தான். சரியான முறையில், யாருடைய விருப்பத்துக்கும் விடாமல், குலுக்கிப் போட்டு எடுத்த ஆயிரம் பேரின் பதில் பொதுவாக நூற்றுக்கு மூன்று கூடியோ குறைந்தோ உண்மைக்குக் கிட்ட வரும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சாக்கின் மேலே இருக்கும் கொழுந்தை மட்டும் பார்த்தால் அடியில் கிடக்கும் முற்றல் தெரியாது. கிளறி எடுக்க வேண்டும்.

இதற்கு உலகமே அறிந்த பாடம் ஒன்று 1936இல் அமெரிக்காவில் நடந்தது. ஜனாதிபதித் தேர்தலில் யார் வெல்வார் என்று அறிய, 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற சஞ்சிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குத் தபால் அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் அதிகமான அட்டைகள் திரும்பி வந்தன. லாண்டன் என்பவரே வெல்வார் என்று சஞ்சிகை அறிவித்தது. நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் அமோகமாக வென்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். பெயர்களைப் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்தன? வசதியுள்ளவர்களிடம். அதோடு, அட்டை கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் பதிலே அனுப்பவில்லை. அதே தேர்தலை ஜோர்ஜ் காலப் என்பவர் மிகக் குறைந்த ஆட்களைக் கேட்டே சரியாகக் கணித்தார். ஆக, எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட, யாரைக் கேட்டோம், யார் விடுபட்டார்கள் என்பதே பெரிது.

யாருடைய போன் அடிக்காது?

நம் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளத்தில் உள்ள லயத்துக்குச் சிக்னல் கிடையாது. சில வீட்டில் ஒரே போன், அதுவும் வீட்டுக்காரர் கையில். பகல் பத்து மணிக்குப் போன் அடித்தால் கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் எடுப்பவர் வீட்டில் இருக்கும் வயதானவரோ வேலையில்லாத பிள்ளையோதான். ஒரே தடவை அடித்துவிட்டு, எடுத்தவர்களின் பதிலை மட்டும் பதிந்தால், தோட்டத்தில் உழைக்கும் பெண்ணின் குரல் அந்தக் கணக்கில் இருக்காது.

நல்ல ஆய்வு நடத்துபவர்கள் இதற்குச் செய்யும் காரியங்கள் இவை:

ஒரே இலக்கத்துக்கு வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் பல தடவை அடிப்பார்கள். அந்தி நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அடிப்பார்கள். எடுக்கவில்லை என்றவுடன் அடுத்த இலக்கத்துக்குத் தாவமாட்டார்கள்.

போனை எடுத்தவரையே கேட்டுவிடாமல், வீட்டில் உள்ள பெரியவர்களில் ஒருவரை விதிப்படி தெரிவு செய்து, "அவங்களோட பேசலாமா?" என்று கேட்பார்கள்.

ஒருவருக்கு எத்தனை சிம் என்று விசாரிப்பார்கள். இரண்டு சிம் வைத்திருப்பவருக்கு அழைப்பு வரும் வாய்ப்பும் இரண்டு மடங்கு. கணக்குப் பார்க்கும்போது அதைச் சரிக்கட்ட வேண்டும்.

பெண்களின் பதில் குறைவாக வந்திருந்தால், வந்த ஒவ்வொரு பெண்ணின் பதிலுக்கும் கொஞ்சம் கூடுதல் நிறை கொடுப்பார்கள். ஆனால் தராசில் எடைக்கல்லைக் கூட்டலாமே தவிர, இல்லாத கொழுந்தை நிறுக்க முடியாது. யாருமே பேசாத லயத்தின் கதையை எந்தக் கணக்காலும் கொண்டு வர முடியாது.

இன்னொன்று. 2012 குடிசன மதிப்பின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு 4.4 பேரே தோட்டப் பகுதியில் வாழ்ந்தார்கள். நாடு முழுக்க ஆயிரம் வீட்டைக் கேட்டால் அதில் தோட்டத்து வீடுகள் நாற்பது, ஐம்பதுதான் வரும். அத்தனை சிறு தொகையை வைத்துத் தோட்டத்து மக்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே நல்ல ஆய்வில் தோட்டங்களிலிருந்து வேண்டுமென்றே அதிகம் பேரைச் சேர்த்துக் கேட்டு, பிறகு கணக்கில் சரிப்படுத்துவார்கள். "தோட்டத்தில் நிலைமை இது" என்று யாராவது இலக்கம் காட்டினால், "தோட்டத்தில் எத்தனை வீட்டைக் கேட்டீர்கள்?" என்று நம் தலைவர்மார் கேட்கலாம்.

இங்கே நாமும் கவனிக்க ஒன்று உண்டு. வீட்டுத் தொலைபேசி என்றால் 051 ஹட்டன், 052 நுவரெலியா, 055 பதுளை என்று இலக்கத்தைப் பார்த்தே இடத்தைச் சொல்லலாம். கைத்தொலைபேசி இலக்கத்தில் இடம் தெரியாது. "எங்கே இருக்கீங்க?" என்று கேட்டால் நம்மவர்கள் பழக்கத்தில் "ஹட்டன்", "பண்டாரவளை" என்று பட்டினத்துப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். கேட்பவர் அதை நகரம் என்று பதிந்துவிடக் கூடும். தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்கும் விதம்

ஒரே கேள்வியை எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேட்க வேண்டும். இது முதல் விதி. எழுதியிருப்பதை எழுதியபடி வாசிக்க வேண்டும். பாருங்கள்:

"கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் உங்கள் வீட்டில் மீன், கருவாடு, முட்டை, இறைச்சி ஏதாவது சாப்பிட்டீர்கள்?" இது சரியான கேள்வி. எண்ணிச் சொல்லலாம்.

"மீன் முட்டை எல்லாம் இப்ப எங்க வாங்குறது, இல்லையாம்மா?" இது பிழையான கேள்வி. பதிலை அவரே நம் வாயில் வைத்துவிட்டார்.

நாம் "ஏதோ சாப்பிடுறோம்" என்று பொதுவாகச் சொன்னால், நல்ல கேள்வியாளர் தானாக ஒரு இலக்கத்தைப் போடமாட்டார். "ஏழு நாளில் எத்தனை நாள் என்று நினைச்சுப் பார்த்துச் சொல்லுங்கம்மா" என்று பொறுமையாகத் திரும்பக் கேட்பார்.

மொழியும் முக்கியம். கேள்வியைத் தமிழில் எழுதியிருந்தாலும் தோட்டத்துப் பேச்சு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "மாதம் எத்தனை நாள் வேலை செய்தீர்கள்?" என்றால், நமக்குச் செக்ரோலில் விழுந்த பேர்தான் ஞாபகம் வரும். அரைப்பேர் விழுந்த நாளை எப்படிச் சொல்வது? "வருமானம் எவ்வளவு?" என்றால், பிடித்தம் போகக் கைக்கு வந்த காசைச் சொல்வதா, பிடித்தத்துக்கு முந்திய சம்பளத்தைச் சொல்வதா? "வீட்டில் எத்தனை பேர்?" என்றால், ஒரே காம்பராவில் இரண்டு அடுப்பு இருந்தால் எப்படி? பொதுவாக ஒன்றாக வாழ்ந்து ஒரே பானையில் ஆக்கிச் சாப்பிடுபவர்களையே ஒரு வீட்டார் என்று கணக்கெடுப்பாளர் கொள்வார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் சேருவானா என்பது ஆய்வுக்கு ஆய்வு வேறுபடும். ஆகவே சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல், "எதைக் கேக்குறீங்க ஐயா?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுத் தெரிந்து சொல்லும் பதிலே நல்ல பதில்.

இப்படியான குழப்பங்களைப் பிடிக்கவே, பெரிய ஆய்வு தொடங்கும் முன் சில வீடுகளில் கேட்டு ஒத்திகை பார்ப்பார்கள். தோட்டத்தில் ஒத்திகை பார்க்காத வினாக்கொத்து தோட்டத்துக்குப் பொருந்தாமல் போவது சகஜம்.

கேட்பவரை யார் பார்ப்பது?

கொழுந்தை நிறுப்பவர்மேல் ஒரு கண் வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆய்விலும் அப்படியே. கேள்வி கேட்பவருக்கு எத்தனை பேரை முடித்தார் என்பதைப் பார்த்துக் காசு கொடுத்தால், சோம்பேறித்தனமாக மரத்தடியில் உட்கார்ந்து தானே பதிலை நிரப்பும் ஆட்களும் உண்டு. உலகம் முழுவதும் உள்ள நோய் இது. அதைப் பிடிக்கப் பல வழிகள் இருக்கின்றன.

மேற்பார்வையாளர் சில அழைப்புகளை இடையில் இருந்து கேட்பார், அல்லது சம்மதம் வாங்கி ஒலிப்பதிவு செய்து பிறகு கேட்பார்.

பேசி முடித்த வீடுகளில் சிலவற்றுக்கு வேறொருவர் திரும்ப அடித்து, "நேத்து உங்களோட பேசினாங்களா? எத்தனை பிள்ளைங்கன்னு சொன்னீங்க?" என்று ஒத்துப் பார்ப்பார். அப்படி இரண்டாம் முறை வந்தால் கோபப்படாதீர்கள். அது நம் பதிலைப் பாதுகாக்கும் வேலை.

ஒவ்வொரு அழைப்பும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று கணினி குறித்து வைக்கும். இருபது நிமிடம் எடுக்க வேண்டிய கேள்விகளை ஒருவர் நாலு நிமிடத்தில் முடித்தால் விசாரணைக்கு வரும்.

பொருந்தாத பதிலையும் கணினி நிறுத்தும். தாய்க்கு 25 வயது, மகனுக்கு 18 வயது என்று பதிந்தால், "சரிதானா?" என்று உடனே கேட்கும்.

இணையத்தில் வரும் கேள்விகள்

இணையத்தில் கேள்வி கேட்பது செலவு குறைந்தது. ஆனால் இங்கே எதிரே ஆள் இல்லை. யார் நிரப்புகிறார், உண்மையில் அந்த வயதினரா, ஒருவரே பத்துத் தடவை நிரப்பினாரா, எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பரிசோ ரீலோடோ கிடைக்கும் என்றால் வாசிக்காமலே தட்டிக்கொண்டு போவாரும் உண்டு. இப்போது மனிதர் போலப் பதில் நிரப்பும் கணினி நிரல்களும் வந்துவிட்டன.

அமெரிக்காவில் பியூ ஆய்வு நிலையம் 2022 பெப்ரவரியில் ஒரு சோதனை செய்தது. விரும்பியவர் வந்து நிரப்பும் இணைய ஆய்வில், "அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்ட உங்களுக்கு அனுமதிப்பத்திரம் உண்டா?" என்று ஒரு கேள்வியை நுழைத்தது. 30 வயதுக்குக் குறைந்தவர்களில் நூற்றுக்கு 12 பேர் "ஆம்" என்றார்கள்! உண்மையில் அப்படிப்பட்டவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. எதைக் கேட்டாலும் "ஆம்" என்று தட்டிவிட்டுப் போகும் ஆட்களே இதற்குக் காரணம். சிரிப்பு வந்தாலும் விஷயம் பாரதூரமானது. இத்தகைய ஆட்கள் "எங்கள் ஊரில் எல்லா வசதியும் இருக்கிறது" என்பதற்கும் "ஆம்" என்றே தட்டுவார்கள்.

ஆகவே நல்ல இணைய ஆய்வில் பொறிக் கேள்விகள் வைப்பார்கள். "இந்தக் கேள்விக்கு மூன்றாவது விடையைத் தொடவும்" என்று நடுவில் இருக்கும். வாசிப்பவர் தொடுவார், வாசிக்காதவர் மாட்டிக்கொள்வார். எல்லாக் கேள்விக்கும் ஒரே விடையை நேர் கோடாகத் தட்டியவர்களை ஒதுக்குவார்கள். ஒருவர் இருமுறை நிரப்பினாரா என்று பார்ப்பார்கள். இத்தனை செய்தாலும், போனும் டேட்டாவும் இல்லாதவரை இணையம் எட்டாது. வெறும் இணையக் கேள்வியை வைத்து "தோட்டத்து மக்கள் கருத்து" என்று யாராவது எழுதினால் நாம் யோசித்தே நம்ப வேண்டும்.

பதில் சொல்பவர் பொறுப்பு

ஆய்வின் தரம் கேட்பவர் கையில் மட்டும் இல்லை. இரண்டு விதத்தில் நம் பக்கம் பதில் கெடுகிறது. ஒன்று பயம்: "தொரைக்குத் தெரிஞ்சா?" என்று உண்மையை மறைப்பது. மற்றது ஆசை: கூட்டிச் சொன்னால் ஏதாவது கிடைக்கும் என்று நினைப்பது. 2023இல் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கிய பிறகு இந்த எண்ணம் கூடியிருக்கிறது. நிவாரணத்துக்கு விண்ணப்பிப்பது வேறு, ஆய்வுக்குப் பதில் சொல்வது வேறு. ஆய்வில் நம் பெயருக்கு எதுவும் வராது. எல்லோருடைய பதிலும் சேர்ந்த கூட்டுக் கணக்கே பயன்படும். கூட்டிச் சொன்னால் முழுக் கணக்கையும் ஒருவரும் நம்பாமல் போகும். குறைத்துச் சொன்னால் நம் பிள்ளைகளின் பசி மறைந்து போகும்.

பக்கத்தில் ஆள் இருக்கும்போது சில விஷயங்களைப் பேச முடியாது. குடி, அடி, கடன் பற்றிய கேள்வி வந்தால் ஸ்பீக்கரைப் போடாதீர்கள். "இப்ப வசதியில்ல, அந்திக்கு எடுங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தெரியாததற்குத் "தெரியாது" என்றே சொல்லுங்கள். அதுவும் ஒரு பதில்தான். விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடச் சொல்லலாம்.

ஏமாறாமல் இருக்க

ஆய்வு என்று சொல்லி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். பேசத் தொடங்கு முன் நான்கு விஷயம் கேளுங்கள்: உங்கள் பெயர் என்ன? எந்த நிறுவனம்? என் பதிலை எதற்குப் பயன்படுத்துவீர்கள்? சந்தேகம் இருந்தால் எந்த இலக்கத்தில் விசாரிக்கலாம்? உண்மையான ஆய்வாளர் இதற்குக் கோபப்படமாட்டார்.

உண்மையான ஆய்வில் வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கத்தையோ, போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தையோ ஒருபோதும் கேட்கமாட்டார்கள். முற்பணம் கட்டச் சொல்லமாட்டார்கள். கேட்டால் உடனே போனை வையுங்கள். வீட்டில் உள்ள வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். நம் சொந்த விபரங்களைக் காப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

படித்த நம் பிள்ளைகள் சிலர் கேள்வி கேட்கும் வேலைக்கும் போகக் கூடும். தோட்டத்து இளைஞர் கழகமோ மாதர் சங்கமோ தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் பற்றித் தாமே ஒரு கணக்கெடுக்கவும் கூடும். அவர்களும் இதே விதிகளைப் பின்பற்றலாம். தெரிந்த வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். கடைசி லயத்தையும் விடாதீர்கள். கேள்வியை எல்லோரிடமும் ஒரே விதமாய்க் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் வேறொருவர் போய்த் திரும்ப ஒத்துப் பார்க்கட்டும். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் பேசாதீர்கள். அப்படி எடுத்த கணக்கைப் பிரதேச செயலகத்தில் கொண்டுபோய் வைத்தால், "இது யார் எடுத்தது, எப்படி எடுத்தது?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்.

முற்றல் கொழுந்தைப் போட்டால் எந்த மெஷினாலும் நல்ல தூள் தர முடியாது. பிழையான பதிலைப் போட்டால் எந்தக் கணினியாலும் நல்ல கணக்குத் தர முடியாது. ஆளை விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். நம்பிக்கை வந்தால் நேரம் ஒதுக்கி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் பெண்கள் இருந்தால் அவர்களிடமும் போனைக் கொடுங்கள். அவர்கள் பேசினால்தான் தோட்டத்துக் கணக்கு முழுமை பெறும்.